கணக்குப் பாடத்தில் முழங்கால் சிராய்ப்பு

எங்கள் பள்ளியில் கபடியை நான் கரும்பலகையில்தான் சொல்லிக்கொடுத்தேன். நடுக்கோடு, பாடிப் போகிறவர், பிடிக்கிறவர்கள் எல்லாம் வட்டமும் அம்புக்குறியுமாக. பிள்ளைகள் நோட்டில் வரைந்துகொண்டார்கள். அரையாண்டுத் தேர்வில் "கபடியில் மூச்சை அடக்கும் முறையை விவரி" என்று ஒரு கேள்வி கேட்டேன். "மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். எங்கள் பள்ளியைப் பொறுத்தவரை அது சரியான விடை. முழு மதிப்பெண் போட்டேன்.

என் பெயர் சோலைமலை. வத்தலகுண்டுப் பக்கம் ஆலம்பாறைப்பட்டியில் அரசு உயர்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். உடலுக்குக் குறைவில்லை, பெல்ட்டுக்கு மேலே வழிகிறது. கூடவே சர்க்கரை. விளையாட்டு வாத்தியாருக்கு எப்படி சர்க்கரை வரும் என்று கேட்பவர்கள், தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்கள். என் பாடவேளை ஒவ்வொன்றையும் கணக்கு டீச்சர் மரியபுஷ்பம் இரவல் வாங்கிக்கொள்வார். "சார், போர்ஷன் முடியல, இன்னிக்கி மட்டும்" என்பார். அந்த இன்னிக்கி மட்டும் பதினைந்து வருடமாக நடக்கிறது. அந்த நேரத்திலெல்லாம் நான் ஆசிரியர் அறையில் வடை தின்றேன். ஆக, என் சர்க்கரைக்குக் காரணம் இயற்கணிதம்.

இதற்கு நடுவில்தான் நிழற்குடை வந்தது.

பிள்ளைகளின் மருத்துவக் காப்பீட்டையும் பள்ளிக்கூடப் பாதுகாப்பையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, நிழற்குடை என்ற நிறுவனத்திடம் அரசாங்கம் கொடுத்துவிட்டது. "நிழற்குடைன்னு பேரு வெச்சா பஸ் வராதே" என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. பஸ் வந்ததுதான் வேடிக்கை. ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் ஒரு பட்டை கட்டினார்கள். அது நாடித்துடிப்பைப் பார்க்கும், ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும், உடம்பில் சிராய்ப்பு விழுந்தால்கூடத் தெரிந்துகொள்ளும். பள்ளி முற்றத்துக் கம்பத்தில் ஒரு ஒலிபெருக்கி. அதிலிருந்து ஒரு பெண்குரல், எப்போதும் செய்தி வாசிக்கிற தமிழில் பேசும். இயந்திரம்தான். பிள்ளைகள் அதற்கு நிழலக்கா என்று பெயர் வைத்தார்கள்.

நிழலக்கா நல்லவள். அதுதான் சிக்கல்.

"அன்பு மாணவர்களே, ஓடாதீர்கள்." "அன்பு மாணவி, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்குங்கள்." வேப்பமரத்தில் ஏறலாம் என்பதால் தாழ்ந்த கிளைகளை வெட்டச் சொன்னாள். ஊஞ்சலைக் கழற்றச் சொன்னாள். இடைவேளையில் பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்து கைவிரல்களை மடக்கி நீட்டினார்கள். நான் விசில் ஊதி விரல்களை எண்ணினேன். மாநிலத்திலேயே விபத்தில்லாப் பள்ளி என்று எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தின் விளிம்பு கூராக இருந்ததால் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டச் சொன்னாள்.

ஏழாம் வகுப்பில் நிறைமதி என்று ஒரு பிள்ளை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டையில் மூன்று நிறம் உண்டு. அவளுடையது சிவப்பு. சின்ன வயதிலேயே சர்க்கரை வருமே, அந்த வகை. சாப்பாட்டுக்கு முன்னால் தானே வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாள். நான் மாத்திரை போட்டுக்கொள்வேன். அந்த வகையில் நாங்கள் ஒரே சங்கத்து உறுப்பினர்கள்.

"சார், ஒங்களுக்கு இன்னிக்கி எவ்ளோ?"

"இருநூத்திப் பத்து."

"எனக்கு நூத்தி முப்பது. நீங்க ஃபெயிலு சார்."

அவளுக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்கவோ பதக்கம் வாங்கவோ இல்லை. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடிப் பார்க்க வேண்டும், அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் என்பாள். ஒருமுறை முயன்றாள். நாலடி வைப்பதற்குள் நிழலக்கா கூப்பிட்டுவிட்டாள். எல்லோர் முன்னாலும் "அன்பு மாணவி நிறைமதி" என்று முழுப்பெயர் சொல்லி. பிள்ளை திரும்பி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை மடக்கினாள்.

வழி கண்டுபிடித்தவர் மரியபுஷ்பம் டீச்சர்.

ஒருநாள் கணக்குப் பரீட்சை. பிள்ளைகளின் நாடி தாறுமாறாக ஓடுகிறது. ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை. டீச்சர் வெளியே வந்து கம்பத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, இந்தப் பிள்ளைகளுக்கு நெஞ்சு அடிக்கிறது ஒனக்குத் தெரியலையா?"

"தெரிகிறது டீச்சர். உடற்கல்வி வேளையில் துடிப்பு ஏறினால் அது ஓட்டம். கணக்கு வேளையில் ஏறினால் அது பயம். பயத்துக்கு ஒப்பந்தத்தில் தடை இல்லை."

டீச்சர் நேராக ஆசிரியர் அறைக்கு வந்தார். நான் வடையை ஒளித்தேன்.

"சார், ஒங்க பீரியடெல்லாம் நான்தான எடுத்துக்கிட்டிருக்கேன்?"

"அது ஊரறிஞ்ச விஷயமாச்சே டீச்சர்."

"இனிமே என் பீரியட நீங்க எடுத்துக்கங்க. பாடவேளை அட்டவணை அப்படியே இருக்கட்டும். ஒங்க நேரத்துல நான் கணக்கு நடத்துறேன். என் நேரத்துல நீங்க பிள்ளைகள பின்பக்கம் புளியந்தோப்புக்குக் கூட்டிட்டுப் போங்க. காம்பவுண்டுக்குள்ளதான இருக்கு. அக்காவைப் பொறுத்தவரைக்கும் அது கணக்கு."

"மாட்டினா?"

"மாட்டினா நீங்க வழக்கம்போல ஜோக்கு சொல்லுங்க. யாருக்கும் புரியாது, விட்டுருவாங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. கணக்கு வேளையில் புளியந்தோப்பில் ஏழாம் வகுப்பு ஓடியது. முதல் நாள் அவர்களுக்கு ஓடவே தெரியவில்லை. ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு, விழுந்து, விழுந்தது எப்படி என்று ஆச்சரியப்பட்டு, மறுபடி வேண்டுமென்றே விழுந்து பார்த்தார்கள். நிறைமதியை நான் ஓட விடவில்லை. ஒரு வாரம் என் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தேன். பயம்தான். எனக்கு வகுப்பே எடுக்காமல் சம்பளம் வாங்கிய பழக்கம், பொறுப்பு புதிது. பிறகு வத்தலகுண்டில் எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தாராளமா ஓடட்டும். ஓடறதுக்கு முன்னாடி அளவு பாருங்க, பையில மிட்டாய் இருக்கட்டும். நீங்களும் ஓடுங்க" என்றார். கடைசி வாக்கியம் என் காதில் விழவில்லை.

நிறைமதி சட்டைப்பையில் ஆரஞ்சு மிட்டாயோடு வந்தாள். பட்டையைப் பார்த்தோம். ஓடினாள். தோப்பின் கோடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தவள் மூச்சிரைக்க என்னைப் பார்த்து, "சார், காத்து வருது" என்றாள்.

"எங்கேருந்து?"

"நான் ஓடுனா வருது சார். நின்னா நின்னுருது."

எனக்குக் கண்ணில் தூசி விழுந்தது. புளியந்தோப்பில் தூசி அதிகம்.

இரண்டு மாதத்தில் மரியபுஷ்பம் டீச்சருக்கு நிழற்குடையிலிருந்து எச்சரிக்கை வந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நிழலக்காவே அறிவித்தாள். "ஏழாம் வகுப்பில் கணக்குப் பாடத்தின்போது முழங்கால் சிராய்ப்புகள் தொடர்கின்றன. கணக்கு ஆசிரியர் கனிவோடு கற்பிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை விழுங்கினார். பத்தாம் வகுப்புப் பையன்கள் அன்றிலிருந்து அவரைக் கண்டால் முழங்காலை மூடிக்கொண்டார்கள்.

இந்தச் சந்தோஷம் பிப்ரவரி வரைக்கும்தான். நிழற்குடையின் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை: சிவப்புப் பட்டைப் பிள்ளைகள் வரும் ஆண்டிலிருந்து வீட்டிலிருந்தபடி திரையில் படிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வரக் கூடாது. எங்கள் பள்ளியில் சிவப்பு நிறைமதி ஒருத்திதான்.

அதே சமயத்தில் அரசாங்கமும் ஒரு யோசனை சொன்னது. வேண்டும் என்கிற ஊராட்சிகளில் காப்பீட்டையும் பாதுகாப்பையும் தானே ஏற்று நடத்துமாம். எது வேண்டும் என்று கிராம சபை கூடி முடிவெடுக்கலாம்.

சிறப்பு கிராம சபை எங்கள் மைதானத்திலேயே கூடியது. டீயும் போண்டாவும் இருக்கிறது என்றதும் வாசலில் இருந்த கூட்டம் விரைந்தது. "அன்புப் பெரியவர்களே, ஓடாதீர்கள்" என்றாள் நிழலக்கா. ஊரே நடந்தது.

நிறுவனத்தின் சார்பில் கௌஷிக் என்ற இளைஞர். மடிப்பு கலையாத சட்டை. "நாலு வருஷம். ஒரு எலும்பு முறிவு இல்ல. கூப்பிட்ட நேரத்துக்கு ஆம்புலன்ஸ் வண்டி. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல்.

அரசாங்கத்தின் சார்பில் செல்வநாயகி என்ற அதிகாரி வந்திருந்தார். மைக்கைப் பிடித்ததுமே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மேடம், அரசாங்கம் கட்டுன தண்ணித் தொட்டி எங்கூர்ல இருக்கு. மழை பேஞ்சா மட்டும் தண்ணி வரும். பாத்துட்டுப் போங்க."

"பாத்தேங்க. வர்ற வழியில அதுக்கடியிலதான் வண்டிய நிறுத்தினேன்" என்றார் அவர். சிரிப்பு. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அப்புறம் எழுந்தவர் அழகர்ராஜா. நிறைமதியின் அப்பா. விடியற்காலையில் நிலக்கோட்டைச் சந்தைக்குப் பூ ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறார். அவர் மகளுக்காகப் பேசுவார், நிறுவனத்தை வாங்கு வாங்கென்று வாங்குவார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் கம்பெனி பக்கம்" என்றார். "எம்பொண்ணு மூணாப்பு படிக்கிறப்ப வீட்ல மயங்கி விழுந்துட்டா. அப்ப இந்தக் கம்பெனியெல்லாம் கெடையாது. அரசாங்க நம்பருக்குப் போன் போட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பூ மூட்டைய ரோட்டுல தள்ளிட்டு அவள வேன்ல போட்டு ஓட்டுனேன். போற வழியெல்லாம் அந்தப் போனு என் காதுல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இப்பவும் அடிக்கிது." மகள் இருந்த பக்கம் திரும்பினார். "வீட்லயே படிக்கட்டும். எனக்கு அவ உசுரோட இருந்தாப் போதும்."

யாரும் கைதட்டவில்லை. நிறைமதி பெண்கள் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

ஊராட்சித் தலைவி வேலுத்தாய் என்னைப் பார்த்தார். "பீட்டி சார், நீங்க ஏதாச்சும் சொல்லுங்க."

சொன்னேன். கபடிக் கேள்வித்தாளைப் பற்றிச் சொன்னேன். கேடயத்தைப் பூட்டி வைத்ததைச் சொன்னேன். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. சிரித்துவிட்டு எல்லோரும் கௌஷிக்கைப் பார்த்துத் தலையாட்டினார்கள். என் பேச்சால் மனம் மாறியவர் யாராவது உண்டென்றால் அது நான்தான். இனிமேல் பேசக் கூடாது என்று முடிவு செய்து உட்கார்ந்தேன்.

செல்வநாயகி மறுபடி எழுந்தார். "அழகர்ராஜா அண்ணே, அந்த மணி அடிச்சதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. தப்பு எங்களது. ஆனா ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. இவங்க மெஷினும் நாங்க தரப்போற மெஷினும் ஒண்ணுதான். அதுக்குள்ள ஒரே ஒரு எண்ணுதான் வேற."

"என்ன எண்ணு?"

"எத்தன வருஷத்துக்குப் பொறுப்புங்கிறது. அவங்களுக்கு ஒரு வருஷம். ஒரு வருஷத்துக்கு ஒரு பிள்ளையப் பத்திரமா வெச்சுக்கணும்னா உக்கார வெக்கிறதுதான் நல்லது. விழாது. எங்களுக்கு அப்படியில்ல. நாப்பது வயசுல அந்தப் பிள்ளைக்கு கிட்னி போனாலும் கண்ணு போனாலும் எங்க ஆஸ்பத்திரி வாசல்லதான் வந்து நிக்கும். நாங்க எங்கயும் ஓடிப்போக முடியாது. அதனால இப்பவே ஓட விடுங்கன்னு சொல்றோம். பாசத்துல இல்லண்ணே, எங்களுக்கு வேற வழியில்ல."

"அதெல்லாம் ஒரு கணிப்புதான் மேடம்" என்றார் கௌஷிக். "நாப்பது வயசுல என்ன ஆகும்னு இப்ப யாருக்குத் தெரியும்?"

அப்போது நிறைமதி எழுந்தாள். கம்பத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, நான் ஓடலாமா?"

"வேண்டாம் நிறைமதி."

"எப்ப வரைக்கும்?"

"என் பொறுப்பு மார்ச் முப்பத்தொன்று வரை."

"ஏப்ரல்ல ஓடலாமா?"

"ஏப்ரலில் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது."

செய்தி வாசிக்கிற அதே குரல்தான். கையில் போண்டா வைத்திருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அழகர்ராஜா தலையைத் தூக்கிக் கம்பத்தைப் பார்த்தார்.

மரியபுஷ்பம் டீச்சர் முன்னால் வந்தார். கணக்கு டீச்சர் அல்லவா, எண்ணை மாற்றி வைத்துக் கேட்கத் தெரிந்தவர். "இந்தாம்மா, ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். இவ அறுபது வயசு வரைக்கும் ஒன் பொறுப்பு. இப்ப சொல்லு. இவளுக்கு என்ன செய்யணும்?"

ஒலிபெருக்கியில் லேசாக இரைச்சல் மட்டும்.

"அறுபது வயது வரை என்றால்" என்று தொடங்கினாள் நிழலக்கா, "நிறைமதி பள்ளிக்கு வர வேண்டும். கணக்கு வேளைகளை இரண்டு மடங்காக்க வேண்டும்."

"என்னது?" என்றார் ஊராட்சித் தலைவி.

"கணக்குப் பாடம் நடக்கும் நாட்களில் நிறைமதியின் சர்க்கரை அளவு சீராக இருக்கிறது. இரவிலும் சீராக இருக்கிறது. இதயம் வலுப்பட்டிருக்கிறது. நுரையீரல் வலுப்பட்டிருக்கிறது. ஏழாம் வகுப்பு முழுவதும் இப்படித்தான். கணக்கைவிட நல்ல மருந்து என் பதிவுகளில் இல்லை. சிராய்ப்புகள் உண்டு. அறுபது வயது வரையான கணக்கில் அவை ஒன்றுமில்லை."

கூட்டம் விழித்தது. ஒரு பெண் எழுந்து, "கணக்குப் போட்டா சக்கர கொறையுமா? டீச்சர், எங்க மாமியாளுக்கும் ரெண்டு கூட்டல் சொல்லிக்குடுங்க" என்றாள். கௌஷிக் தன் கையிலிருந்த திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கணக்குக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் படித்த படிப்பில் வரவில்லை போலிருக்கிறது.

மரியபுஷ்பம் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். ஜோக்கு சொல்லச் சொன்னாரே, ஒன்றும் வரவில்லை.

"அது கணக்கில்லங்க" என்றேன். "கணக்கு நேரத்துல நான்தான் பிள்ளைகள ஓட விட்டேன். புளியந்தோப்புல. நெறமதியும் ஓடுச்சு. ஏழு மாசமா."

அழகர்ராஜா எழுந்து வந்த வேகத்துக்கு நிழலக்கா "ஓடாதீர்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் சட்டையைப் பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்கிற தூரத்தில் நின்றார்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா சார்? எம்பிள்ள சார் அது. விழுந்திருந்தா? மயங்கியிருந்தா? யாரு வருவா? நீங்க வருவீங்களா, இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு?"

அவர் கேட்டது நியாயம். உடம்பைப் பற்றிச் சொன்னதும் நியாயம். நான் கைகட்டி நின்றேன்.

"கேட்டிருக்கணும்ணே. கேட்டா வேணாம்னு சொல்லுவீங்கன்னுதான் கேக்கல."

"எங்கிட்ட கேட்டாங்க" என்றது ஒரு குரல். அழகர்ராஜாவின் மனைவி பஞ்சவர்ணம். உட்கார்ந்தபடியே சொன்னார். "டீச்சர் வந்து கேட்டாங்க. நான்தான் சரின்னேன். தெனமும் அவ பையில ஆரஞ்சு மிட்டாய் யாரு போட்டான்னு நெனக்கிறீங்க? ஒங்ககிட்டச் சொன்னா வேன எடுத்துட்டு வந்து தோப்பு வாசல்ல நிப்பீங்க."

எனக்கே அது செய்தி. டீச்சர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எங்காவது ஜோக்காக உளறியிருப்பேன் என்ற பயமாக இருக்கும்.

அழகர்ராஜா மகளைப் பார்த்தார். "ஓடுனியா தாயி?"

நிறைமதி தலையாட்டினாள்.

"விழுந்தியா?"

அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலைக் காட்டினாள். பழைய தழும்பு ஒன்று, புதிது ஒன்று. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்வநாயகியிடம் திரும்பினார்.

"போன் அடிச்சா எடுப்பீங்களா?"

"எடுக்க ஆளப் போடுவோம். வண்டியும் இந்த ஊர்லயே நிக்கும். மொத மாசமே எல்லாம் ஒழுங்கா நடக்கும்னு சொல்ல மாட்டேன். நடக்கலைன்னா இதே மைதானத்துக்கு என்னைக் கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேளுங்க. கம்பெனிய அப்படிக் கேக்க முடியாது. எங்களக் கேக்கலாம்."

தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அழகர்ராஜாவின் கை கடைசியில்தான் எழுந்தது. அதுவும் தோள் உயரத்துக்கு மேலே போகவில்லை. ஊராட்சித் தலைவி அதையும் எண்ணிக்கொண்டார்.

ஜூனில் பள்ளி திறந்தது. அரசாங்கம் சொன்னபடி வண்டி கொடுத்தது. ஓட்டுநரைக் கொடுக்க மறந்துவிட்டது. ஊராட்சித் தலைவி செல்வநாயகியைக் கூப்பிட்டு நிஜமாகவே மைதானத்தில் நிற்க வைத்துக் கேட்டார். ஆள் வருகிற வரைக்கும் தற்காலிகமாக அழகர்ராஜாவை நியமித்தார்கள். சந்தையில் பூவை இறக்கிவிட்டு அவர் நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடுவார். அரசாங்கத்தில் தற்காலிகம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

நிழலக்கா அதே கம்பத்தில், அதே குரலில் இருக்கிறாள். எண் மட்டும்தான் மாறியது. இப்போது ஊஞ்சலை மாட்டச் சொல்கிறாள். "மரியபுஷ்பம் டீச்சர், இது உடற்கல்வி வேளை. அன்புடன் வகுப்பைவிட்டு வெளியேறவும்" என்கிறாள். பதினைந்து வருடத்தில் என் பாடவேளைக்காக யாரும் இப்படிப் பேசியதில்லை. டீச்சர் சாக்பீஸை மேசையில் போட்டுவிட்டு, "நான் பெத்த பிள்ள மாதிரி வளத்துவிட்டேன், என்னையே வெரட்டுது" என்று முனகிக்கொண்டு போவார்.

ஒரு விஷயம் மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஒருநாள் காலை கம்பத்தடியில் நின்று கேட்டேன்.

"ஏம்மா, உண்மையச் சொல்லு. ஏழு மாசமா புளியந்தோப்புல கணக்கு நடக்குதுன்னு நீ நம்பினியா?"

"புளியந்தோப்பில் கரும்பலகை இல்லை சார்."

"அப்ப தெரியும்?"

"ஓட்டத்தைத் தடுக்க எனக்கு அனுமதி இருந்தது. கணக்கைத் தடுக்க எனக்கு அனுமதி இல்லை. அட்டவணையில் கணக்கு என்றுதான் இருந்தது."

"யாருகிட்டயும் ஏன் சொல்லல?"

"யாரும் கேட்கவில்லை சார்" என்றாள். பிறகு, "அரசு ஊழியர்களும் இப்போது என் பொறுப்பில் இருக்கிறார்கள். அறுபது வயது வரை உங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு ஐந்து சுற்று" என்றாள்.

அதனால் இப்போதெல்லாம் நானும் ஓடுகிறேன். ஓடுகிறேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. நிறைமதி என்னைத் தாண்டும்போதெல்லாம் "சார், காத்து வருதா?" என்று கேட்பாள். எனக்கு மூச்சே வருவதில்லை, காற்றுக்கு எங்கே போவது.

உடற்கல்வி வேளை நெடுக அழகர்ராஜா வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். டீசல் வீண் என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் சார்" என்பார். அந்த உறுமல் மைதானம் முழுக்கக் கேட்கும். மகள் எந்தப் பக்கம் ஓடுகிறாளோ அந்தப் பக்கம் அவர் கழுத்து திரும்பும்.

போன வெள்ளிக்கிழமை கபடி. கரும்பலகையில் அல்ல, மண்ணில். நிறைமதி பாடிப் போனாள். நாலு பேர் அமுக்கினார்கள். திமிறிக்கொண்டு கோட்டைத் தொடப் பாய்ந்தவள் முழங்கால் தேய விழுந்தாள். சரக்கென்று சத்தம். நான் விசிலை வாயில் வைத்தபடி நின்றுவிட்டேன். வாசலில் வண்டிக் கதவு திறந்தது. அழகர்ராஜா குதித்து இறங்கி இரண்டு எட்டு வைத்தார். கம்பத்தைப் பார்த்தேன். நிழலக்கா ஒன்றும் சொல்லவில்லை.

நிறைமதி எழுந்து உட்கார்ந்தாள். முழங்காலைப் பார்த்தாள். வாயால் ஊதினாள். கை கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. "அவுட்டில்ல! நாலு பேரும் அவுட்டு!" என்று கத்திக்கொண்டு எழுந்து, தன் அணிப் பக்கம் ஓடினாள்.

அழகர்ராஜா திரும்பிப் போய் வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பி, இன்ஜினை அணைத்தார்.

அந்த உறுமல் நின்ற பிறகுதான் எனக்குக் கேட்டது, எங்கள் மைதானத்தில் இப்போது எவ்வளவு சத்தம் என்று.